நிலோஃபரின் இடது பக்கம்

வாய் கொப்பளித்த தண்ணீர் பள்ளிச் சீருடையில் கொட்டியதுதான் முதல் அடையாளம். காலை அவசரத்தில் இருந்தேன். "குனிஞ்சு கொப்பளிக்கத் தெரியாதா?" என்று கேட்டபடியே துண்டை எடுத்து மகளின் முகத்தைத் துடைத்தேன். நிலோஃபர் நிமிர்ந்து பார்த்தாள். "நான் வாயை மூடித்தாம்மா வெச்சிருந்தேன். தண்ணி தானா வந்துடுச்சு." சொல்லும்போது அவள் வாய் வலது பக்கமாக நகர்ந்தது. இடது கன்னம் அப்படியே இருந்தது.

ஏதோ விளையாடுகிறாள் என்று நினைத்தேன். "எங்க, சிரி பார்ப்போம்" என்றேன். சிரித்தாள். பாதி முகம் மட்டும் சிரித்தது.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. நாங்கள் இருப்பது பாலக்கரையில், ஒரு மாடி வீட்டின் மேல்தளத்தில். என் கணவர் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக். இங்கே நானும் அவளும்தான். கே.கே. நகரில் அக்கா இருக்கிறாள். அன்று காலை அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "நிலோவுக்கு முகம் ஒரு மாதிரி இருக்கு, நீ வா" என்று மட்டும் சொன்னேன்.

இதே நிலையில் இருக்கும் இன்னொரு தாயோ தகப்பனோ இதை வாசிக்கக்கூடும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். அன்று எனக்கு இப்படி ஒன்று வாசிக்கக் கிடைத்திருந்தால் பயம் குறைந்திருக்காது. ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்றாவது தெரிந்திருக்கும்.

ஆட்டோ வருவதற்குள் ஆளுக்கொன்று சொன்னார்கள். கீழ்வீட்டில் வாதம் என்றார்கள். எதிர்வீட்டு அம்மா, குளிர்ந்த காற்று பட்டிருக்கும் என்றார். தூரத்து உறவினர் ஒருவர் போனிலேயே, புறா ரத்தத்தைச் சுடச்சுடத் தேய்த்தால் மூன்றே நாளில் வாய் நேராகிவிடும் என்று அடித்துச் சொன்னார். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுப் பேசுறோம்" என்று வைத்துவிட்டாள். அவள் அப்படிச் செய்திருக்காவிட்டால் நான் புறா தேடிப் போயிருப்பேனோ என்னவோ. பயந்துபோன மனசுக்கு எல்லாமே சரியாகத்தான் படும்.

தில்லைநகரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனை. அங்கிருந்த டாக்டரம்மா முகத்தைப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார். "காது ஒழுகுதா?"

ஒழுகியது. அடிக்கடி ஒழுகும். சொட்டு மருந்து விட்டால் நிற்கும், மறுபடி வரும். சில நாட்களாக ஒரு கெட்ட வாடையும் இருந்தது. சளி பிடித்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் சகஜம் என்றே எல்லோரும் சொல்லியிருந்தார்கள். முகத்துக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

ஸ்கேன் எடுத்தபின் டாக்டரம்மா ஒரு காகிதத்தில் படம் வரைந்து காட்டினார். வந்திருப்பது கொலஸ்டியடோமா (நடுக்காதுக்குள் தோல் சேர்ந்து வளர்ந்து, சுற்றியிருக்கும் எலும்பை அரிக்கும் கட்டி, புற்றுநோய் அல்ல). முகத்தை அசைக்கும் நரம்பு காது எலும்புக்குள் இருக்கும் ஒரு குறுகலான குழாய் வழியாகத்தான் போகிறது. அந்தக் குழாயின் சுவரைக் கட்டி அரித்து, நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"ஆபரேஷன் பண்ணியாகணும்மா. தள்ளிப் போட முடியாது. இதுக்கு மேல மூளைதான் இருக்கு."

"முகம் திரும்பிடுமா டாக்டர்?"

"நரம்பு அறுந்து போகாம இருந்தா திரும்பும். எவ்வளவு திரும்பும், எப்ப திரும்பும்னு நான் சொல்ல முடியாது. மாசக்கணக்கு ஆகலாம். காது கேக்குறதும் கொஞ்சம் குறையும்."

நிலோஃபர் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இதையெல்லாம் கேட்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாஸ்டாய்டு அறுவை சிகிச்சை (காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பைத் திறந்து கட்டியை எடுப்பது) நடந்த நேரம் முழுவதும் நானும் அக்காவும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஓதத் தெரிந்த ஒரு துஆகூட முழுசாக வரவில்லை. பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கணவர் ஷார்ஜாவிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்தார். அவசர லீவு கேட்டிருந்தார், கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் "இன்னும் வரலைங்க" என்று மட்டும் சொன்னேன்.

டாக்டரம்மா வெளியே வந்து முகமூடியை இறக்கினார். "கட்டியை எடுத்தாச்சு. நரம்பு அறுபடல. ஆனா ரொம்ப வீங்கியிருக்கு. இனி காத்திருக்கணும்."

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று அன்று நினைத்தேன். அது ஒரு முழுநேர வேலை என்பது வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது.

முகம் கோணிப்போனது பார்ப்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியும். டாக்டர்கள் கவலைப்பட்டது அதற்காக இல்லை. அவள் இடது கண் மூடவில்லை. இமை கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிடும். இமைக்காத கண் காய்ந்துபோகும். காய்ந்த கண்ணில் ஒரு தூசி விழுந்தாலும் கருவிழியில் புண் வரும், பார்வையே போகலாம் என்று கண் டாக்டர் சொன்னார். பகலெல்லாம் சொட்டு மருந்து. படுக்கும்முன் களிம்பு தடவி, இமையை இழுத்து மூடி, மேலே டேப். வெளியே போனால் கண்ணாடி.

சாப்பிடும்போது சோறு இடது கன்னத்துக்குள் தங்கிவிடும். விரலால் தள்ளுவாள். தண்ணீர் ஓரத்தில் வழியும். நாக்கின் இடது பாதியில் ருசி தெரியவில்லை. "பாதி நாக்குல உப்பு இருக்கு, பாதியில இல்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு என்னால் சிரிக்க முடிந்ததில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஷார்ஜாவில் இருக்கும் அத்தாவோடு வீடியோவில் பேசும்போது போனைத் தானே பிடித்துக்கொள்வாள். வலது பக்கம் மட்டும் தெரியும்படி பிடிப்பாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

தையல் ஆறியதும் பள்ளிக்கு அனுப்பலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு அனுப்ப மனசில்லை. அவளோ பையை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கோதையைப் பார்க்க வேண்டும் என்றாள்.

கோதை ஸ்ரீரங்கத்திலிருந்து வேனில் வரும் பெண். முதல் வகுப்பிலிருந்து இவர்கள் இருவரும் ஒரே பெஞ்ச். நிலோவின் டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வகுப்பு ஆசிரியை ஸ்டெல்லா மிஸ் நல்லவர். நான் போய்ச் சொல்வதற்கு முன்பே பிள்ளைகளிடம் பேசியிருந்தார். "யாரும் நிலோஃபரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, முகத்தையே உத்துப் பார்க்கக் கூடாது, எதுவும் கேக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீங்க கவலைப்படாம போங்கம்மா." நான் கையெடுத்துக் கும்பிடாத குறை. நிம்மதியாக வீடு வந்தேன்.

பிள்ளைகள் மிஸ் சொன்னதை அப்படியே கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

சாயங்காலம் வந்தவளிடம், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு."

"கோதை பேசினாளா?"

"பேசினா. சுவத்தைப் பார்த்துட்டுப் பேசினா."

அடுத்த நாட்களில் அதுவும் குறைந்தது. மதியம் அவள் வாயோரம் சோறு விழும்போது பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி உட்கார்ந்தார்கள். திட்டிவிட்டுப் போயிருந்தால் மிஸ்ஸிடம் சொல்லலாம். தள்ளி உட்கார்ந்ததை எப்படிப் புகார் சொல்வது? டிபன் பாக்ஸ் பாதிக்கு மேல் திரும்பி வர ஆரம்பித்தது.

ஒரு நாள் வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். "கோதை பெஞ்ச் மாறிட்டாம்மா." ஏன் என்று கேட்டேன். தெரியாது என்றாள்.  பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு அம்மா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார்: "தப்பா எடுத்துக்காதீங்க, என் பொண்ணு பக்கத்துல உட்காருறா, இது ஒட்டாதுல்ல?" கோதையின் வீட்டிலும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். ஒட்டாது என்று அந்த அம்மாவுக்குப் பதில் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிறகுதான் நான் எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது நடந்தது.

விளையாட்டுப் பிரியடில் காற்று அடித்து மைதானத்து மண் பறந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். இவளால் மூட முடியவில்லை. கண்ணாடி வகுப்பில் இருந்தது. கண் உறுத்தியிருக்கிறது, தண்ணீரால் கழுவியிருக்கிறாள். அதற்குப் பிறகு மூன்று பிரியட் உட்கார்ந்திருந்தாள். கண் செக்கச் செவேலென்று ஆகி நீர் கொட்டியிருக்கிறது. பக்கத்தில் அத்தனை பிள்ளைகள் இருந்தும் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே உத்தரவு.

பள்ளி வாசலில்தான் அவளைப் பார்த்தேன். அப்படியே ஆட்டோவில் ஏற்றிக் கண் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

"கருவிழியில கீறல் விழுந்திருக்கு" என்றார் கண் டாக்டர். "நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க. நாளைக்கு வந்திருந்தா புண்ணாயிருக்கும்."

"ஏண்டி மிஸ்கிட்ட சொல்லலை?" என்று கேட்டேன். கண்ணைக் கட்டியிருந்த துணிக்கு மேல் கை வைத்துக்கொண்டே சொன்னாள்: "என் முகத்தைப் பத்திப் பேசக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்கல்ல?"

அந்த விதி தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருக்கிறாள்.

கண் ஆறிய பிறகு ஸ்டெல்லா மிஸ்ஸைப் போய்ப் பார்த்தேன். சண்டை போடும் எண்ணத்தோடு போனேன். கண்ணில் கீறல் என்று கேட்டதும் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தபின் சண்டை வரவில்லை. அவரும் பயந்துபோய்தான் அப்படியொரு விதி போட்டிருக்கிறார். நானும் பயத்தில்தான் அதற்கு நன்றி சொல்லியிருக்கிறேன்.

"பிள்ளைங்க பார்க்கட்டும் மிஸ். கேக்கட்டும்."

"ஏடாகூடமா ஏதாவது கேட்டுட்டா? அவ மனசு கஷ்டப்படுமேம்மா."

"யாரும் ஒண்ணும் கேக்காததுதான் இப்ப கஷ்டமா இருக்கு."

நிலோஃபர் முதலில் முடியாது என்றாள். சில நாள் கழித்து அவளாகவே வந்தாள். "சரி. ஆனா நீ பேசக் கூடாது. நான்தான் பேசுவேன்."

மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பிரியட். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முழங்கால் மேசையில் இடித்தது. நிலோஃபர் கரும்பலகைக்கு முன்னால் நின்று, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். மிஸ், "உங்களுக்கு என்ன கேக்கணுமோ கேளுங்க" என்றார். ஒரு பிள்ளைகூட வாய் திறக்கவில்லை.  எழுந்து போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

ஜெரோம் என்ற பையன் கை தூக்கினான். "தொட்டா ஒட்டிக்குமா?"

"ஒட்டாது. காதுக்குள்ள ஒரு கட்டி. அதை எடுத்துட்டாங்க."

"அப்ப ராத்திரி கண்ணைத் தொறந்து வெச்சுட்டேவா தூங்குவ?"

"டேப் ஒட்டிப்பேன்."

"பிய்க்கும்போது வலிக்காதா?"

"வலிக்கும். சில நேரம் புருவ முடியும் சேர்ந்து வந்துடும்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு மிஸ்ஸைப் பார்த்தார்கள். நிலோஃபரும் சிரித்தாள். வாய் வலது பக்கம் ஏறியது. பள்ளிக்குத் திரும்பியதிலிருந்து அவள் அங்கே சிரித்து அவர்கள் பார்த்ததில்லை. முன் பெஞ்சில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் பார்த்தார்கள்.

"எப்ப சரியாகும்?" என்றான் இன்னொருவன்.

நிலோஃபர் என்னைப் பார்க்கவில்லை. "தெரியாது. டாக்டருக்கே தெரியாது."

நான் அவளிடம் சீக்கிரம் சரியாகிவிடும் என்றுதான் ஒவ்வொரு நாளும் சொல்லிவந்தேன்.

பிறகு கோதை எழுந்தாள். கை தூக்கவில்லை, நேராக எழுந்தே நின்றாள். "நான் பாட்டுப் போட்டியில வரி மறந்துபோய் அழுதேன்ல, அன்னிக்கு நீ ஏன் என்னைப் பார்த்துச் சிரிச்ச?"

நான் கேள்விப்படாத விஷயம். பெஞ்ச் மாறியதற்கு நான் நினைத்த காரணம் எதுவும் காரணம் இல்லை.

"நான் சிரிக்கல" என்றாள் நிலோஃபர். "எனக்கும் அழுகையா வந்துச்சு. இந்தப் பக்கம் மட்டும் இழுத்துச்சு. அது சிரிச்ச மாதிரி இருந்திருக்கும்."

கோதை சமாதானம் ஆகவில்லை. அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. "அப்ப எனக்கு எப்படித் தெரியும்?"

நிலோஃபர் அவள் பக்கம் திரும்பினாள். "தெரியலைன்னா என்கிட்ட கேளு. நான் சொல்றேன்."

யாரும் கைதட்டவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். கோதை உடனே ஓடிவந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, நிலோவின் பெஞ்சில் பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

நான் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெரோம் இடது கன்னத்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தான். சட்டையெல்லாம் வழிந்தது. அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் அதேபோல் செய்தார்கள்.  கேலி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். ஸ்டெல்லா மிஸ்ஸும் அப்படித்தான் நினைத்து ஓடிவந்தார். நிலோஃபர் வாயில் சோற்றோடு கை காட்டித் தடுத்தாள்.

"மிஸ், அவங்க செஞ்சு பார்க்கிறாங்க மிஸ்." பிறகு ஜெரோமிடம், "அப்படி இல்லடா, உதட்டையும் சேர்த்துப் பிடிக்கணும்" என்றாள்.

அவன் சேர்த்துப் பிடித்தான். இட்லியை மென்றுவிட்டுச் சொன்னான்: "அய்யோ, உள்ளயே மாட்டிக்குது!"

அன்றோடு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மேல் வகுப்புப் பையன்கள் மாடிப்படியில் "கோணவாய்" என்று கூப்பிட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்தாள், அன்று ராத்திரி சாப்பிடவில்லை. இன்னொரு பக்கம், வகுப்புப் பிள்ளைகளின் அக்கறை எல்லை மீறிப்போனது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை யாராவது முகத்துக்கு நேரே குனிந்து, "கண்ணு சரியா இருக்கா?" என்று கேட்டார்கள். ஒரு நாள் அவள், "போதும், சும்மா இருங்க!" என்று கத்திவிட்டாள். பிறகு அவர்களுக்குள்ளேயே பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மைதானத்தில் காற்று அடித்தால் மட்டும் பக்கத்தில் இருப்பவர் "கண்ணு!" என்று குரல் கொடுக்க வேண்டும். உடனே அவள் விரலால் இமையை இழுத்து மூடிக்கொள்வாள். கண் சிவந்தால் யாராக இருந்தாலும் மிஸ்ஸிடம் ஓட வேண்டும். இந்த ஏற்பாட்டில் நானோ மிஸ்ஸோ இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தாவோடு பேசும்போது போனை நேராகப் பிடித்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அத்தா, இது பாதி சிரிப்பு இல்ல, முழுச் சிரிப்புதான். இப்ப இப்படித்தான் தெரியும்" என்றாள். "தெரியுதுடா தங்கம். நல்லாத் தெரியுது." சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே மறுபடி அழைத்தார்.

பயிற்சிக்கு ஸ்ரீரங்கம் போவோம். அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு சின்ன பிசியோதெரபி நிலையம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும். கண்ணாடிக்கு முன் உட்கார வைத்து, புருவத்தைத் தூக்கு, மூக்கைச் சுருக்கு, "ஈ" சொல்லு, "ஊ" சொல்லு என்று செய்ய வைப்பார்கள். நிலோஃபர் முதலில் கண்ணாடியைப் பார்க்கவே மறுத்தாள். அங்கிருந்த இளம்பெண் சொன்னார்: "அழகா இருக்கான்னு பார்க்காதம்மா. அசையுதான்னு மட்டும் பாரு." பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டதும் அவர் பதறிவிட்டார். முக்கி முக்கிச் செய்தால் தசைகள் தப்பாகப் பழகிவிடுமாம். மெதுவாக, கொஞ்சமாகச் செய்ய வேண்டும். இதை வாசிப்பவர்கள் இதையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதங்கள் போயின. இடது பக்கம் அசையவில்லை. கண்ணாடிக்கு முன்னால் அவளுக்குப் பின்னால் நின்று நான் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். சில நேரம் அசைந்ததுபோல் இருக்கும். அது நான் மூச்சு விட்டதில் என் தலை அசைந்ததுதான்.

பயிற்சி முடிந்தால் சில நாள் உத்திர வீதியில் கோதையின் வீட்டுக்குப் போவோம். அவள் அம்மா, "வாங்கோ, உக்காருங்கோ, குழந்தைக்குப் பால் கொண்டு வரேன்" என்பார். அப்படி ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கோதை கத்தினாள்: "ஆன்ட்டி! அவ மூக்கு அசைஞ்சுது!"

ஓடினேன். நிலோஃபர் கையில் பால் டம்ளரோடு விழித்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குப் பால்னா பிடிக்காது ஆன்ட்டி. மூக்கைச் சுளிச்சா. ரெண்டு பக்கமும் சுளிச்சா. நான் பார்த்தேன்."

"திரும்பச் செய்" என்றேன். வரவில்லை. மறுபடி முயன்றாள். வரவில்லை. கோதை டம்ளரை வாங்கி, பாலாடையை விரலால் எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். இடது மூக்கின் ஓரத்தில், ஒரு எறும்பு ஊர்ந்ததுபோல, தோல் சுருங்கியது.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும், அத்தனை நாள் நான் பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் அதை முதலில் பார்த்தது கோதை. அது கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நான் குறையைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பால் குடிக்கும் தன் சிநேகிதியைப் பார்த்திருக்கிறாள்.

அதன்பின் கன்னம் வந்தது. பிறகு உதட்டின் ஓரம். கடைசியாகத்தான் இமை. நெற்றி இன்னும் வரவில்லை, வராது என்கிறார்கள். நரம்பு திரும்ப வளர்ந்தபோது சில இழைகள் வழி மாறிப் போய்விட்டன. அதற்கு சின்கைனேசிஸ் (ஒரு தசையை அசைத்தால் சம்பந்தமில்லாத இன்னொரு தசையும் சேர்ந்து அசைவது) என்று பெயர். அவள் கண்ணை மூடினால் இடது வாயோரம் லேசாக மேலே இழுக்கும். இது போகாது என்று டாக்டரம்மா சொன்னபோது நான்தான் அழுதேன். நிலோஃபர் பள்ளியில் இதைச் செய்துகாட்டி, "கண்ணை மூடினா வாய் தொறக்குது பாருங்க" என்று சொல்லியிருக்கிறாள். ஜெரோம் அன்றெல்லாம் அதே மாதிரி செய்யப் பார்த்துத் தோற்றுப்போனானாம்.

ஒரு வருடம் கழித்து மறுபடி காதைத் திறந்து பார்த்தார்கள். கட்டி மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. இருந்தது. சின்ன முத்து அளவு. எடுத்துவிட்டார்கள். நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம் ஸ்கேன். அதற்கடுத்த வருடமும். "நிம்மதியா இருங்கம்மா, ஆனா செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது என்று நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் எங்கள் வருடம் நோன்பு, பெருநாள், பள்ளி விடுமுறை, அவர் வரும் லீவு என்று போகும். இப்போது அது ஒரு ஸ்கேனுக்கும் அடுத்த ஸ்கேனுக்கும் நடுவில் போகிறது.

சில வாரங்களுக்கு முன் போன் தானாகவே ஒரு பழைய படத்தைக் காட்டியது. பெருநாள் அன்று புதுச் சுடிதாரில், இரண்டு கன்னமும் ஒரே மாதிரி ஏறிச் சிரிக்கும் நிலோஃபர். சட்டென்று யாரோ சொந்தக்காரப் பெண் என்றுதான் தோன்றியது. அந்த முகத்துக்காக எவ்வளவோ ஏங்கியிருக்கிறேன். இப்போது அதில் என் மகளைத் தேட வேண்டியிருந்தது.

போன ஆடி மாதம் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்தின் மேல் ஏறியதும் காவிரிக் காற்று ஜன்னல் வழியே அடித்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். முகத்தை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு இமைகளும் ஒன்றாக மூடித் திறந்தன. இடது வாயோரம் ஒரு சின்ன இழுப்பு இழுத்து இறங்கியது.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எதையும் கவனிக்கவில்லை. என் கை மட்டும் அவள் கண்ணை மறைக்க எழுந்து, பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. கீழே இறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.